மீதி ஏழு சதவீதம்

இன்று காலை எங்கள் ஹப்சிகுடா வீட்டில் மூன்று போன்கள் ஒரே அப்டேட்டை, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், எங்கிருந்தோ தனித்தனியாக இறக்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி முறைத்தாள். உங்களிடமாவது சொல்கிறேன்.

செகந்தராபாத் மெட்டுகுடாவில் தனிக்கட்டையாக இருந்த காலம். திங்கட்கிழமை பேகம்பேட்டில் வேலைக்கு இன்டர்வியூ. லினக்ஸ் தெரியும் என்று அளந்துவிட்டிருந்தேன். கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவசரமாக டோரண்டில் இறக்கினேன். அது போலந்து, பிரேசில் என்று ஊர் ஊராகப் போய்த் துண்டு துண்டாக வாங்கி வரும். தெருவுக்கே நெட் திணறியது.

சனிக்கிழமை காலை, தெருவுக்கே நெட் கொடுக்கும் கேபிள்கார யாதகிரி கட்டிங் பிளேயரோடு வந்துவிட்டார்.

"சார், கல்லி பூரா நெட் லேது. மொத்தமும் நீங்களே குடிச்சா எப்படி? வயரை வெட்டிடறேன்."

கெஞ்சினேன். வெளியூர் முகவரிகளையெல்லாம் அடைத்து, யாதகிரியின் லைனுக்குள் யாரிடமாவது இருந்தால் மட்டும் வாங்கு என்று புரோகிராமில் மாற்றினேன்; அப்போது தெருவின் வெளி நெட்டைத் தொடாது. இருந்தது! ஒரே ஒருவரிடம், முழுசாக. பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறியது. யாதகிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிரிக்கெட் மாதிரி பார்த்தார். தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது.

யாதகிரி திரையில் இருந்த எண்ணைப் பார்த்து, "இது எதிர்வீட்டு பெனடிக்ட் சார் லைன்" என்றார்.

பெனடிக்ட் அண்ணன் தாத்தா காலத்திலிருந்தே செகந்தராபாத், தமிழ் ரயில்வே குடும்பம்; பேச்சில் பாதி உருது. ஸ்கூட்டர் நிறுத்தும் சண்டையில் மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவரைத் தாண்டிப் போலந்துவரை போன கம்ப்யூட்டரும் என்னைப் போலத்தான்.

மானத்தை விட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டீங்களா? என்னோட ஏழு சதவீதம் உங்க வீட்ல இருக்கு."

"உன் சாமான் எங்க வூட்ல கைக்கு, ஏன் இருக்குது?" என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட உறை. மார்க்கெட் கிளம்பும்போது அணைத்து மூடிவிடுவாராம். ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு அவரும் அதே லினக்ஸை இறக்கி வைத்திருந்தார். நான் தமிழிலும் யாதகிரி தெலுங்கிலும் மாறி மாறி விளக்க, "ஹவ், ஹவ்" என்று தலையாட்டியபடி பையும் கையுமாக ஆன் செய்தார்.

"ஆனா ஸ்கூட்டர் அங்க நக்கோ, நிறுத்தாதே."

வயர் தப்பியது, வேலையும் கிடைத்தது. அதற்கப்புறம் மார்க்கெட் போகுமுன் என் கதவைத் தட்டி, "ஆஃப் பண்ணவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நான் எதையும் இறக்காத நாட்களிலும் கேட்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே" என்று சும்மாவாவது சொல்வேன்.

இப்போது ஹப்சிகுடாவில் ஃபைபர். இங்கே வந்து ஆறு வருடமாகிறது, எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. லைன் அவ்வளவு நன்றாக இருக்கிறது.