சூப்பர்வைசர் தலைக்கு நான் தேர்ந்தெடுத்த குல்லா

ஆம்பூர் வெயிலில் கம்பளி நூலைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது விரல் வேர்வையில் ஈரமாகி, ஊசியில் நகராமல் அடம் பிடித்து, மடியில் பட்ட இடத்திலெல்லாம் அரித்து எடுக்கும். அந்த அரிப்போடு அம்மாவின் கையிலிருந்து வரும் "சொல்யூஷன்" நெடியும் சேர்ந்துகொள்ளும். ஷூ கம்பெனியில் தோலோடு தோலை ஒட்டும் பசைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்; எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நெடி போகாது. நான் ஆறாவது படித்த வருடம், செப்டம்பர் மாதப் புழுக்கத்தில், எங்கள் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து அம்மாவும் நானும் ஒரு மனிதனின் தலைக்குக் கம்பளிக் குல்லா போட மாதிரி தேடிக்கொண்டிருந்தோம். அந்த மனிதனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வயதில் மூத்தவர், இறந்தும் போய்விட்டார், மரியாதையாக எழுதக் கூடாதா என்று கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். அவனை நான் அவன் என்றுதான் எழுதுவேன்.

அவன் அம்மா வேலை செய்த லைனுக்கு சூப்பர்வைசர். அந்த லைனில் நாற்பது பெண்கள் வரிசையாக மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல் தோலைத் தைப்பார்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு "பாஸ்" இருந்தது. உள்ளங்கை அகலத்தில் வெட்டிய கெட்டித் தோல் துண்டு, துளை போட்டுக் கயிறு கட்டியது. கக்கூசுக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து கழற்றிக் கொடுக்க வேண்டும். மற்ற லைன்களில் பாஸ் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், வேண்டியவள் எடுத்துக்கொள்வாள். இவன் மட்டும் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவளை நிற்கவைத்துப் பார்த்து, மனசு வந்தால் கொடுப்பான்.

அந்த வருடம் ஆகஸ்டில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், அம்மா இறங்கவில்லை. அரைமணி நேரம் கழித்து, கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையைப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி நடந்தே வந்தாள். "மழைல நனஞ்சிட்டேன்" என்றாள். அன்றைக்கு ஆம்பூரில் ஒரு சொட்டு மழை இல்லை. நான் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய் வைத்தேன்.

விஷயத்தை அடுத்த வீட்டு ஷமீம் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளும் அதே லைன். நான் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மாவிடம் குமுறிக்கொண்டிருந்தாள்: "மூணு வாட்டி கேட்டியே கிரேஸ், மூணு வாட்டி! இன்னும் ரெண்டு டஜன் முடிச்சிட்டுப் போன்னு சொல்லிட்டு சிரிக்கிறான். அவ்ளோ பொம்பளைங்க முன்னாடி… அவனுக்கு நல்ல சாவு வருமா?" அம்மா, "கர்த்தர் பாத்துப்பாரு, விடு" என்றாள். கர்த்தருக்கு ஆயிரம் வேலை இருக்கும், இதை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வைக்குள் பல்லைக் கடித்தபடி அன்றைக்கு முடிவு செய்தேன். பதினொரு வயதுப் பெண்ணால் என்ன செய்ய முடியும் என்று மட்டும் தெரியவில்லை.

வழியை அவனே கொண்டுவந்து கொடுத்தான். கம்பெனி அவனை நவம்பரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்போகிறது என்றும், ஷூ வாங்கும் வெள்ளைக்காரர்களோடு பத்து நாள் இருக்கப்போகிறான் என்றும் பேச்சு கிளம்பியது. ஒருநாள் அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னா கிரேஸு, நீ கம்பளில எல்லாம் பின்னுவியாமே? அங்க குளிரு ஜாஸ்தியாம். எனக்கு ஒரு குல்லா போட்டுக் குடு. நம்ம ஊரு மங்கி குல்லா வேணாம், ஃபாரின் டிசைனா இருக்கணும்" என்றானாம். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, ஷூ தைக்கும் மெழுகு நூலால் அவன் தலையைச் சுற்றி அளவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவனுக்குப் போய் ஏம்மா ஒத்துக்கினே?" என்று கத்தினேன். அம்மா அமைதியாக, "பர்மனெண்ட் லிஸ்ட்டு அவன்தான்டி எழுதுறான்" என்றாள். ஆறு வருடமாக அவள் தற்காலிகம். நாளைக்கு வராதே என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் போதும், வேலை போய்விடும். அப்பா எங்களை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்த வீட்டில் அந்த வேலைதான் சோறு, அதுதான் என் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம்.

மாதிரிக்காக, சர்ச்சில் அம்மாவுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த ரிட்டயர்டு டீச்சர் ஒரு பழைய புத்தகத்தை இரவல் கொடுத்தார். அட்டை போன இங்கிலீஷ் புத்தகம் அது. படங்களெல்லாம் நடுப்பக்கங்களில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். எப்படிப் பின்ன வேண்டும் என்ற விவரம் பின்பக்கங்களில் எண் வாரியாக இங்கிலீஷில். அம்மாவுக்குப் படம் புரியும், விவரத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் சாயங்காலம் தேர்ந்தெடுத்தோம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட அவ்வளவு நுணுக்கம் பார்ப்பார்களா என்று தெரியாது. ஒருபக்கம் சாய்த்துப் போடுகிற தட்டைத் தொப்பியைப் பார்த்து, "இது போலீஸ்காரன் மாதிரி இருக்கும், வேணாம்" என்றாள். காதுக்கு மடல் தொங்குவதைப் பார்த்து, "மங்கி குல்லா மாதிரியே இருக்குன்னு சொல்வாரு" என்று ஒதுக்கினாள். இறுக்கமாக ஒன்று இருந்தது. அவனுக்கு முன்னந்தலை வழுக்கை, நெற்றியில் கோடு விழும் என்று அதையும் விட்டாள். தன்னை நாற்பது பேர் முன்னால் அப்படி நிற்கவைத்தவனுடைய வழுக்கையில் கோடு விழக்கூடாது என்று அவள் கவலைப்பட்டதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசியில், கோட்டுக் காலரைக் காதுவரை தூக்கிவிட்டுக்கொண்டு ஓர் ஆள் நிற்கும் படத்தைக் காட்டி, வரி வரியாகப் பின்னிய எளிமையான குல்லா ஒன்றை எடுத்தாள். "இதான் அவர் தலைக்கு எடுப்பா இருக்கும். படி" என்றாள்.

பின்பக்கத்தில் அந்த எண்ணைத் தேடும்போதுதான் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த இன்னொன்று கண்ணில் பட்டது. டீ கெட்டிலில் சூடு ஆறாமல் இருக்க மேலே கவிழ்த்து மூடும் கம்பளி உறை. வெள்ளைக்காரர்கள் வீட்டில் கெட்டிலுக்கும் சட்டை உண்டு என்று எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு பாடத்தில் சொல்லியிருந்தார். உருண்டையாக இருக்கும், கொசுவம் வைத்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கும், உச்சியில் ஒரு பெரிய குஞ்சம் நிற்கும், கெட்டிலின் மூக்குக்கு ஒருபக்கமும் கைப்பிடிக்கு மறுபக்கமும் இரண்டு நீளமான திறப்பு இருக்கும். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, குரல் நடுங்காமல் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

பாதி வளர்ந்ததும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "படத்துல ஓட்டை இல்லியேடி?"

"காலர் மறைச்சிருக்கும்மா. காதுக்கு அது. அந்த ஊர்ல வண்டிங்க ஹாரனே அடிக்காதாம், காதை மூடிக்கினா ஆக்சிடெண்ட் ஆய்டும்னு போட்டிருக்கு."

"குஞ்சம்?"

"அங்க ஆம்பளைங்களுக்கு அதான் ஃபேஷனாம்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த இங்கிலீஷின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கெட்டில் அளவுக்குச் சொல்லியிருந்த கண்ணிகளை அவளே கணக்குப்போட்டு அவன் தலை அளவுக்குக் கூட்டிக்கொண்டாள். கரும்பழுப்பில் கடுகு நிறக் கோடு விட்டாள். தையல் வெளியே தெரியாமல் சேர்த்தாள். வழுக்கையில் அரிக்கும் என்று உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தாள். அவள் முகத்தில் கம்பெனிக் களைப்பு இல்லாத நாட்கள் அவை. எனக்கு அப்போது அது கண்ணில் படவில்லை, என் கண்ணெல்லாம் அந்த இரண்டு திறப்பின் மேல்தான் இருந்தது.

அவன் வாங்கிக்கொண்டு போனான். அவன் போன பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே யாராவது அவனிடம் சொல்லிவிட்டால் அம்மாவின் வேலை போகும் என்பது, குல்லா கைமாறிய பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. ஆனால் ஒருமுறைகூட, செய்திருக்கக் கூடாது என்று தோன்றவில்லை.

திரும்பி வந்தவன் லைனில் நின்று கதை அளந்ததை அம்மா வீட்டில் வந்து அப்படியே சொன்னாள். "அங்க அவருக்கு அவ்ளோ மரியாதையாம்டி. பாக்குறவங்க எல்லாம் சிரிச்சிக்கினே வந்து பேசுனாங்களாம். ஒரு வெள்ளைக்கார அம்மா, கையை இப்படிச் சாய்ச்சி டீ ஊத்துற மாதிரி காட்டுனாங்களாம். இவரு, பால் ஊத்தியே குடுங்கன்னாராம். அப்புறம் போற எடமெல்லாம் டீ வேணுமா டீ வேணுமான்னு அவங்களே கேக்குறாங்களாம்."

வாயில் இருந்த சோறு எனக்கு மூக்கில் ஏறியது. புரையேறிவிட்டது என்று அம்மா என் தலையில் தட்டினாள். தெருவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உன்னை ஒரு தேசமே பார்த்துச் சிரித்ததா, என் அம்மாவைப் பார்த்து நீ சிரித்தாயே, இப்போது எப்படி இருக்கிறது என்று மனதுக்குள் அவனைக் கேட்டேன்.

ஒரு போட்டோவும் வந்தது. நடுவில் அவன்; இரண்டு திறப்பின் வழியாகவும் காதுகள் வெளியே நிற்கின்றன; உச்சியில் குஞ்சம்; சுற்றி நாலு வெள்ளைக்காரர்கள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். அதைப் பெரிதாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்திருந்தான். மூன்று மாதம் கழித்து அதே போர்டில் பர்மனெண்ட் லிஸ்ட்டும் ஒட்டினான். அதில் அம்மாவின் பெயர் இல்லை. பாஸும் அவன் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. குல்லா வாங்கிக்கொண்டவனுக்குக் கொடுத்தவளின் ஞாபகம்கூட இல்லை என்று ஷமீம் அக்கா காறித் துப்பினாள். அவன் வேறு கம்பெனிக்குப் போன பிறகுதான், இன்னும் இரண்டு வருடம் கழித்து, அம்மாவுக்குப் பர்மனெண்ட் ஆனது.

அவன் போனதும் கிழித்துப்போட இருந்த அந்தப் போட்டோவை அம்மா கேட்டு வாங்கி வந்து, எங்கள் கண்ணாடி அலமாரியில், என் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். இந்த மூஞ்சி நம் வீட்டில் எதற்கு என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "ஆளு யாரா இருந்தா இன்னாடி? குல்லா நான் போட்டது" என்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "என் கைவேல லண்டன் போய்ட்டு வந்துச்சி" என்று எடுத்துக் காட்டுவாள். வீடு மாறினோம், ஊர் மாறினோம், என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னோடு வேலூருக்கே வந்துவிட்டாள். அந்த முகமும் கூடவே வந்தது.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன வருடம் ஒரு வரவேற்புக்குப் போனபோது, மெஷின்கள் வரிசையாக நின்ற பக்கத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பேச்சுவாக்கில் அவன் செத்துப்போன செய்தியும் அங்கேதான் காதில் விழுந்தது. எத்தனை நாள் படுக்கையில் கிடந்தான் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்காக எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

செத்தவனுக்கு என் வீட்டு அலமாரியில் என்ன வேலை என்ற ஆங்காரம்தான் என்னைப் பேசவைத்தது. போன கிறிஸ்துமஸ் அன்று மதியம் எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா என் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் போட்டோவைக் கையில் எடுத்து, கெட்டில் உறைக் கதையை, புத்தகத்தில் விரல் வைத்தது முதல் பால் ஊற்றிய டீ வரை, நடித்தே காட்டினேன். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் மகள் தரையில் உருண்டாள். அம்மா மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இவங்கல்லாம் சிரிக்கிறது…" என்று போட்டோவைக் கை காட்டினாள். "குல்லாவைப் பாத்துதானா?"

இல்லைம்மா, அவன் மூஞ்சியைப் பார்த்து என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆறாவது படிக்கும்போது அத்தனை பொய்யைக் கோத்துச் சொன்னவளுக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. "உனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றேன்.

"இத்தினி வருசமா எல்லார்கிட்டயும் எடுத்து எடுத்துக் காட்டிக்கினு இருந்தேனேடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலையில் அலமாரியில் அந்தப் போட்டோ இல்லை. நான் ஆசைப்பட்டபடியே அவன் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டான். அம்மா அதன் பிறகு ஊசியைத் தொடவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்கிறாள். என் மகளின் ஸ்வெட்டர் ஒரு கை இல்லாமல் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.