கத்தரியக்காவின் கட்டிங் வேஸ்ட்

இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டன. ஒன்று மற்றதன் சரக்குக்கு வரியை ஏற்றியது. வரி விழுந்த நாட்டில் அதுவரை பள்ளிப் பை வாங்கிவந்த கம்பெனி, எங்கள் தெருமுனைப் பை ஆலையைத் தேடி வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். உலகம் இரண்டுபட்டால் கத்தரியக்காவுக்கு.

கழுத்தில் எப்போதும் கத்தரிக்கோல் தொங்குவதால் அந்தப் பெயர். வெட்டும் பிரிவின் தலைவி. வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப அழைத்துவந்தவர் அவர்தான். முதல் லாட் முடிந்தது: நீலத் துணியில் மஞ்சள் மீன். கம்பெனி அனுப்பும் ஆய்வாளர் சரி என்றால் முழு ஆர்டர். இல்லையென்றால் பெண்கள் மறுபடி வீட்டுக்கு.

விருந்தாளி வருகிறாரே என்று அக்கா ஆலையைத் துடைத்தெடுத்தார். தரையில் ஒரு நூல்கூட இல்லை.

ஆய்வாளர் வந்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இவ்வளவு பை தைச்சிருக்கீங்க. வெட்டின வேஸ்ட் எங்க?"

"சுத்தமா வெச்சிருக்கோம் சார்."

"அதான் சந்தேகம். வரி விழுந்த நாட்டுப் பையை இறக்கி, லேபிளை மட்டும் மாத்தி அனுப்புற இடந்தான் இப்படிப் பளபளன்னு இருக்கும்."

"ஒண்ணு தைச்சுக் காட்டட்டுமா?"

"ஒண்ணு நானே தைப்பேன். இத்தனையும் இங்கதான் தைச்சீங்கன்னு எப்படி நம்புறது?"

"எங்கக்கா பெருக்க ஆரம்பிச்சா ஆர்டரையும் சேர்த்துப் பெருக்கிடும்" என்றாள் தையல்காரி ஒருத்தி. அக்கா அவளை முறைத்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "வாங்க சார், வேஸ்ட்டைக் காட்டறேன்."

தெருவில் முதல் வீட்டு ஜன்னலில் மீன் திரை. அடுத்த வீட்டு ஸ்கூட்டர் இருக்கையில் மீன். கொடியில் காயும் தலையணை உறைகளில் மீன். வெட்டி மிஞ்சியதை ஆளுக்கொரு மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த ஆலைப் பெண்களின் வழக்கம். அக்கா வீட்டிலோ, அவர் கணவர் மீன் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது?"

"நம்ம ஆர்டரு. எழுந்து நேரா நில்லுங்க."

ஏப்ரனின் ஓரத்தில் அரைவட்டமாகத் துணி வெட்டப்பட்டிருந்தது. ஆய்வாளர் கையிலிருந்த பையின் பாக்கெட்டை அந்த வளைவில் பொருத்தினார். அச்சாகப் பொருந்தியது. அவர் சிரித்துவிட்டார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான். இனிமே பெருக்காதீங்கம்மா!"

அடுத்த லாட் பச்சைக் கிளித் துணி. கணவர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்: "இந்தத் தடவை ஓட்டையில்லாத துண்டாப் பார்த்து எடுத்துட்டு வா."

"முடியாது" என்கிறார் அக்கா. "ஓட்டைதான் சாட்சி."