லொரெட்டா கை காட்டிய பக்கம்

“இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க, சுவத்தையும் பாக்காதீங்க. இதோ, இந்த லென்ஸைப் பாருங்க.”

பாஸ்போர்ட் படத்துக்காக வந்து உட்கார்ந்த லாரி ஓட்டுநர் லொரெட்டா சாபோவின் அதட்டலில் முதுகை நிமிர்த்துகிறார். அவர் நல்ல ஆஜானுபாகு. லொரெட்டா அவர் தோளுயரம்கூட வரமாட்டார். டொலீடோ நகரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் படம் எடுக்கும் கவுண்டர் அவருடையது. எழுபது வயதாகியும் விடவில்லை. என் பாஸ்போர்ட்டில் நான் கொலைக்குற்றவாளி மாதிரி முறைத்துக்கொண்டிருப்பதற்கு அவர்தான் காரணம்.

பக்கத்து வீடும் அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியோடு வருவார். மணியை அழுத்திவிட்டு, என் வாசல் கேமராவுக்கு நேரே வந்து இமைக்காமல் பார்த்துக் கையசைப்பார். என் கைபேசித் திரை முழுக்க அவர் முகமும், இரண்டு காதையும் மூடி விழும் நரைமுடியும்தான் தெரியும். “முறம் மாதிரி காது கண்ணு எனக்கு. ஊருக்கு எதுக்குக் காட்டணும்?” என்பார். பேத்தி வீடியோவில் கூப்பிட்டாலும் அதே அதட்டல்தான்: “உன்னையே பாத்துக்கிட்டுப் பேசாதடி. என்னைப் பாரு.”

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார்.

லொரெட்டாவுக்கு ஆறு வயதானபோது அம்மா காசநோய் மருத்துவமனையில் இருந்தாள். அந்தக் காலத்தில் குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா மட்டும் ஞாயிறுதோறும் போய் வருவார். மருத்துவமனைக் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. உள்ளூர் நிலையத்தில் தினமும் சாயங்காலம் ‘கலங்கரை லூயி’ என்றொரு சிறுவர் நிகழ்ச்சி வரும். கோடுபோட்ட சட்டையும் மீசையுமாக லூயி, அவர் கையில் வழுக்கைத்தலைக் கடற்பறவை பொம்மை. பிறந்தநாள் குழந்தைகளைப் பீப்பாய்களின் மேல் உட்காரவைத்து, கடைசியில் மைக்கை நீட்டுவார்: “வீட்டுல யாருக்குக் கை காட்டப் போற?” அதற்காகவே அப்பா வார்ப்பட ஆலையில் விடுப்பு எடுத்தார். மகளுக்குத் தன் முரட்டுக் கையால் பின்னல் போட்டு அழைத்துப் போனார்.

“சிவப்பு வெளக்கு எரியிற கேமராவப் பாருன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா ஓரத்துல ஒரு டிவிப் பெட்டி இருந்துச்சு கண்ணு. அதுக்குள்ள நான்! நம்மளையே டிவில பாத்தா வேற எங்க கண்ணு போகும்? அம்மாவுக்குக் காட்டவேண்டிய கையை எனக்கே காட்டிக்கிட்டேன்.”

அடுத்த ஞாயிறு வருவதற்குள் அம்மா போய்விட்டாள். நேரடி ஒளிபரப்பு. நாடாவில் எதுவும் பதிவாகவில்லை. அம்மா என்ன பார்த்தாள் என்று கேட்க யாரும் இல்லை. “கடைசியா ஒரு தடவ என் மூஞ்சியப் பாக்கட்டும்னுதானே அப்பா கூட்டிட்டுப் போனாரு? நான் திரும்பிக்கிட்டேன்” என்று சொன்னபோது அவர் குரல் உடையவில்லை.

போன வாரம் நூலகத்தில் அந்தப் பீப்பாய்களில் உட்கார்ந்த பழைய குழந்தைகளை ஒன்றுகூட்டினார்கள். துணைக்குப் போனேன். வழுக்கையும் ஊன்றுகோலுமாக ஒரு கூட்டம். “நான் பீப்பாய் மேலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன்” என்று ஒருவர் எழுந்து சொல்ல, “அதுக்கப்புறம் உக்காந்தது நான்தான்டா!” என்றார் இன்னொருவர். அரங்கம் சிரித்து அடங்கியது. சக்கர நாற்காலியில் வெர்ன் வந்திருந்தார். அப்போது கேமரா பிடித்தவர். லொரெட்டா அவர் முன்னால் குனிந்து, அன்று நடந்ததைச் சொன்னார்.

“எல்லாப் பிள்ளையும் அந்தப் பெட்டியத்தாம்மா பாக்கும். ஒண்ணாவது என்னைப் பாத்ததில்ல” என்றார் வெர்ன்.

“அப்ப எங்கம்மா எதைத்தான் பாத்தாங்க?”

“டைரக்டர் ஹெட்போன்ல காதுக்குள்ள கத்துவாரு, லூயிகிட்ட போன்னு. நான் போகமாட்டேன். பிள்ளை திரும்பியிருந்தாலும் அதுகிட்டயே போய் நிப்பேன். கன்னமும் காதும் திரை முழுக்க வரும். பெத்தவளுக்கு அது போதாதா?”

“என்னை ஞாபகம் இருக்கா?”

“இல்லம்மா. பொய் சொல்லமாட்டேன். எத்தனையோ காது.”



இன்று ஞாயிறு. மணி அடித்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லொரெட்டா கேமராவுக்குப் பக்கவாட்டில் திரும்பி, தெருவைப் பார்த்து நின்றார். நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக் கையை உயர்த்தினார்.