கேட்காமல் பூட்டிய பக்கச் சில்லு

என் கணவர் வின்சன்ற்றின் இடக்கால் போரில் போகவில்லை. திருக்கை மீனின் முள் குத்திப் போனது. முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் போன கோவில் பெருநாளன்று ஊர் நடுவில் பெரிய பதாகை கட்டி அதில் பொய் எழுதித் தொங்கவிட்டார்கள். அதைப் படம் பிடித்து நோர்வே, பிரான்ஸ், கனடா என்று ஊராட்கள் இருக்கிற இடமெல்லாம் அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இதையும் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டாலும் எழுதினால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

போர் நடந்த காலம் முழுவதையும் இரண்டு காலோடு கடந்து வந்த மனிதர் அவர். இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், மறுபடியும் தொழில் தொடங்கினோம். எல்லாம் ஓய்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, குருநகர்க் கரையில் முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளும்போது சேற்றுக்குள் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். சலரோகக்காரர், சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் காலில் விழாத குறை. மஞ்சளைப் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் கடலுக்குப் போனார். விரல் கறுத்த பிறகுதான் டொக்டரிடம் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இது வீரக் கதை அல்ல, ஒரு பிடிவாதக்காரனின் கதை. ஆனாலும் எங்களுடைய கதை. இன்னொருவர் திருத்தி எழுத நாங்கள் கொடுக்கவில்லை.

செயற்கைக் காலோடு படகில் நிற்க முடியாது. படகை விற்றோம். நண்டு வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனி இவரைக் கரைகளுக்குப் போய் நண்டு பார்த்து விலை பேசுகிற வேலைக்கு எடுத்தது. கிளாலி, பூநகரி, அதற்கப்பால் மன்னார்ப் பக்கம் வரை ஓட வேண்டும். லொறி வருவதற்கு முன் இவர் கரையில் நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. அதனால்தான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. கனடாவுக்குப் புறப்பட்ட ஒரு பொடியன் விற்றது. முன்னால் கவசம் போட்ட, நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே செய்த இருநூற்றைம்பது சிசி வண்டி. பார்த்த முதல் நாளே இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குக்கூட அப்படிச் சுற்றி வந்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா?

"கால் இல்லாத மனுசனுக்கு ஒரு ஸ்கூட்டியை வாங்கிக் குடுத்திருக்கலாமே, கத்தரீனா?" என்று என்னிடம் கேட்டார்கள். இவர் பக்கத்தில்தான் நிற்பார். அவரிடம் கேட்கமாட்டார்கள். காலோடு சேர்த்துக் காதையும் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தார்களோ தெரியாது.

வண்டியை இவர் தனக்கேற்றபடி மாற்ற வேண்டும். அதற்கான சாமான்களைத் தெரிவு செய்ய மாதக்கணக்கில் எடுத்தது. நகரத்தில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி முதலில் ஊரை எழுப்புகிற சைலன்சரை எடுத்துக் காட்டினான். பிறகு நீல வெளிச்சம். பிறகு மண்டையோடு ஒட்டிய ஸ்ரிக்கர். கடைசியில் இவருடைய காற்சட்டை இடப்பக்கம் தொளதொளத்துக் கிடப்பதைக் கண்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஐயாவுக்குப் பக்கச் சில்லு ரெண்டு பூட்டுவம், சின்னப்பிள்ளையளின்ரை சைக்கிளிலை மாதிரி. விழமாட்டார். பாதுகாப்பு."

"தம்பி, இஞ்சை பார்," என்றார் இவர். "நான்தான் ஓடுறது. என்னோடை கதை."

அவன் வெட்கப்பட்டான். இவர் அவனுக்கு விளங்கப்படுத்தினார். "இந்த வண்டி சரிஞ்சால்தான் வளையும். ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்தால் எப்பிடிச் சரியும்? வேகமாப் போகேக்கை வளைவு வந்தால் நான் நேரை வேலிக்குள்ளைதான் போகோணும். எனக்குப் பக்கச் சில்லு வேண்டாம். எனக்கு வேண்டியதை நான் சொல்லுறன், அதை எடு."

எடுத்தான். உயரமான முன் கண்ணாடி ஒன்று. சங்குப்பிட்டிப் பாலத்தில் அடிக்கிற காற்றுக்கு அது வேண்டும். முதலில் பூட்டிய கண்ணாடி காற்றை மேலே தூக்கி நேரே ஹெல்மற்றுக்குள் விட்டது. காது இரைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே இடைவெளி விட்ட வேறொன்று எடுத்தார். குனிந்து ஓடினால் இடுப்புப் பிடிக்கும் என்று கைபிடியை உயர்த்த இரண்டு கட்டைகள். விழுந்தால் கால் நசியாமலிருக்க இரு பக்கமும் இரும்புக் காப்பு. பெட்டிகள் விசயத்தில்தான் கடைக்காரனுக்குப் பொறுமை போனது. இவர் தன் ஊன்றுதடியால் எங்கள் ஒழுங்கையின் இரண்டு மதிலுக்கும் இடையை அளந்து வைத்திருந்தார். கடையில் இருந்த ஒவ்வொரு பக்கப் பெட்டியையும் அந்தத் தடியால் அளந்தார். கடைசியில் ஒடுக்கமான ஒரு சோடி கிடைத்தது. வலப்பெட்டியில் மழைக்கோட்டும் இன்சுலின் வைத்த குடுவையும். இடப்பெட்டியில் தராசும் வெட்டிய காலுக்கு மாற்றிப் போடுகிற உறைகளும்.

மீதி எல்லாம் கடையில் கிடையாது. அவற்றைச் சுபாஸ் செய்தார். கொட்டடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். செயற்கைப் பாதம் வழுக்காமலிருக்க விளிம்பு வைத்த கால்தட்டு. ஸ்ராண்டைத் தட்டிவிட நீட்டி ஒட்டிய ஒரு நாக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கியர் லீவர். வழக்கமாகக் கியரை ஏற்றுவதற்கு லீவருக்குக் கீழே பாதத்தை விட்டு மேலே தூக்க வேண்டும். இவருடைய இடக்கணுக்கால் மடங்காது, லீவர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பாதத்துக்குத் தெரியவும் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் மிதிக்கிற லீவர் வேண்டும். முன்பக்கத்தை மிதித்தால் கியர் இறங்கும், பின்பக்கத்தைக் குதிக்காலால் மிதித்தால் ஏறும். சுபாஸ் செய்தார், பொருந்தவில்லை. மறுபடி செய்தார், கால்தட்டில் முட்டியது. இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், மறுபடி செய்தார்கள். பொருந்திய அன்று இவர் ஒழுங்கையில் கியரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அயலட்டைச் சனம் எல்லாரையும் வெளியே வரச்செய்துவிட்டார்.

எல்லாம் முடிந்ததென்று நான் நினைத்திருக்க, "உனக்கு என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் சீலையோடு ஒருபக்கமாக இருந்துதான் போவேன். தொங்குகிற கால் விறைத்துப் போகும். "எனக்குக் கால் வைக்க அகலமா ஒரு தட்டு வேணும்," என்றேன். சுபாஸ் இரண்டு பாதமும் தாராளமாக வைக்கக்கூடிய தட்டொன்று செய்து பூட்டினார். மருத்துவச் சான்றிதழ் எடுத்து, ஓடிக் காட்டி, லைசன்சும் எடுத்த பிறகு முதல் பயணமாக மடு மாதா கோவிலுக்குப் போனோம். அவ்வளவு தூரமும் என் கால் விறைக்கவில்லை. எனக்குப் பெரிய சந்தோசம். மாதாவின் முன் முழங்காலில் நின்று மோட்டார் சைக்கிளுக்காக நன்றி சொன்ன பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனி நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கிற ஊராட்கள் சேர்ந்து நடத்தும் ஒன்றியத்துக்கு இங்கே அவர்தான் தலைவர். கூட்டம், மாலை, பொன்னாடை, படம் என்றால் அவரைப் பிடிக்க முடியாது. பெருநாளுக்கு முன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"வின்சன்ற், ஞாயிறு வாகன ஆசீர்வாதம். உம்மடை மோட்டச்சைக்கிளைத்தான் முன்னுக்கு விடப்போறம். சோடிச்சு வைக்கிறம், திறப்பைத் தாரும்."

இவருக்குத் தன் வண்டியை யாராவது புகழ்ந்தால் போதும். துடைத்துப் பளபளப்பாக்கி, வண்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், வாசிகசாலை முற்றத்தில் மேடை. பூசை வைத்த சுவாமியார் வேறு கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டார், அவருக்கு இது ஒன்றும் தெரியாது. வாகன ஆசீர்வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. "போரினால் கால் இழந்த எம் உறவுக்கு எம் கரங்கள்" என்று பதாகை. அதில் இவர் முற்றத்தில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு இருக்கிற படம். எப்போது, யார் எடுத்தது என்று இன்றைக்கும் தெரியாது.

இவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குக் கிட்டப் போய், "அண்ணை, கால் போரிலை போகேல்லை. திருக்கை முள்ளெண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றார்.

"சும்மா இரும் வின்சன்ற். திருக்கை எண்டால் ஆர் காசு சேர்த்துத் தருவினம்?"

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் இவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். நோர்வேயில் இருந்து வந்த ஒருவர் கண்கலங்கப் பேசினார். அவரில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொன்னதை அவர் நம்பினார். பேசி முடித்து, மேடைக்கு முன்னால் இருந்த பட்டுத் துணியை இழுத்தார்.

துணிக்குக் கீழே எங்கள் மோட்டார் சைக்கிள். இரண்டு பக்கமும் இரும்புக் கை நீட்டி, நுனியில் சின்னச் சின்னச் சில்லு, சில்லில் சிவப்பு ரிபன். தடியால் அளந்து எடுத்த பெட்டிகள் இல்லை. முன் கண்ணாடியை மூடி ஒன்றியத்தின் பெயர். அந்த இரும்புக் கையைப் பூட்ட இடம் காணாதென்று கியர் லீவரின் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். என்னுடைய கால்தட்டையும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தைச் சீராக அராவிக்கூட விடவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை எங்களிடம் கேட்டிருந்தால் என்ன? பூட்டுகிறவனுக்கு அது யாருடைய வண்டி, யார் ஓடுவது, யார் பின்னால் இருப்பது என்ற யோசனை வரவில்லையா? கொடுக்கிறவர்கள் கேட்கத் தேவையில்லை, வாங்குகிறவன் கை கூப்பினால் போதும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"என்ரை கியர் லீவர் எங்கை?" என்றார் இவர். அவருடைய குரல் கை தட்டலுக்குள் போய்விட்டது.

"ஏறி ஒருக்கா ஓடிக் காட்டும் வின்சன்ற். வீடியோ எடுக்கோணும்."

இவர் ஏறினார். ஏன் ஏறினாரென்று பிறகு கேட்டேன். "என்ரை வண்டியை அங்கை விட்டிட்டு வர மனம் வரேல்லை," என்றார். முன்பக்கத்தை மிதித்து முதலாம் கியரில் போட்டு வண்டியை எடுத்தார். இயந்திரம் கதறத் தொடங்கியது. இரண்டாவது போட வேண்டும். அவருடைய குதிக்கால் பின்னுக்குப் போனது. அங்கே லீவர் இல்லை. பாதம் காற்றில் விழுந்தது. மறுபடி உயர்த்தித் தேடினார். மறுபடியும் காற்றில் விழுந்தது. கியர் ஏற வழியில்லாமல், நடக்கிற வேகத்தில், இரைச்சல் காதைக் கிழிக்க, என் கணவர் அந்த முற்றத்தைச் சுற்றி வந்தார். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கேவலமான சத்தம் அந்தக் கை தட்டல்தான்.

ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கேற்றைத் தாண்டி வீதிக்கு இறங்கிவிட்டார்.

"எங்கை போறீர்? சாப்பாடு இருக்கு!" என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை கத்தினார்.

"நீங்களே தின்னுங்கோ!" என்று நான் கத்தினேன். மேடையில் மைக் திறந்துதான் இருந்தது, வீடியோவில் அதுவும் விழுந்திருக்கும். விழட்டும்.

வெட்டியதையெல்லாம் சுபாஸ் பிறகு புதிதாகச் செய்து தந்தார். பக்கச் சில்லு இரண்டையும் ரிபனோடு கொண்டுபோய் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வீட்டு வாசற் படலையில் வைத்தவள் நான்தான். இப்போது எங்களை நன்றி கெட்டதுகள் என்று சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். அதெல்லாம் மறுநாளும் அதற்குப் பிறகும் நடந்தவை. அன்றைக்குப் பெருநாள் சீலையோடு நான் வீதியில் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து போனேன். அது அவ்வளவு மெதுவாகத்தான் போனது. பொன்னாடையைக் கழற்ற அவருக்கு நினைவு வரவில்லை. கடைகளில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை.

சந்தி திரும்பியதும் வண்டியை நிறுத்தினார்.

"ஏறு, கத்தரீனா. சுபாஸ் வீட்டை போவம்."

"எப்பிடி ஏறுறது?" எனக்கு அழுகை முட்டியது. "என்ரை தட்டையும் வெட்டிப்போட்டாங்கள். நான் காலை எங்கை வைக்கிறது?"

அவர் குனிந்து வெட்டின இடத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய இடக்காலைப் பார்த்தார். கால்தட்டின் விளிம்புக்குள் அது சும்மா இருந்தது.

"இதிலை வை," என்றார். "இண்டைக்கு இதுக்கு வேலை இல்லை. நோகவும் நோகாது."

நான் ஏறி இருந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவருடைய காலின் மேல் என் காலை வைத்தேன்.