ராகு காலத்துக்கு முன் ஒரு ரவுண்டு

கார் ஏன் கிளம்ப மறுக்கிறது என்று வள்ளிக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் பட்டுப்புடவையின் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் கணவன் நஞ்சுண்டன், கோட்டும் டையுமாக, மூன்றாவது தடவை சாவியைத் திருப்பினான். இஞ்சின் சுற்றியது, இருமியது, அடங்கிப்போனது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை. டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் காலை பத்து ஐம்பதுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொன்றே முக்காலுக்கு டாலஸ் இமிக்ரேஷன் ஆபீசில் இரண்டு பேருக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூ. வரவில்லையென்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் முந்தின நாள்கூட போனில் சொல்லியிருந்தார். நஞ்சுண்டனின் எச்-ஒன் விசாவுக்கு ஆறு வருஷக் கெடு செப்டம்பரில் முடிகிறது. அப்புறம் பெட்டி கட்டிக்கொண்டு கோபிச்செட்டிபாளையத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை என்பார்களே, தாழி இப்போது அவன் கையில்தான் இருந்தது.

அந்தத் தாழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுபத்திரண்டாம் வருஷத்து ப்யூக் எலெக்ட்ரா. பத்தொன்பது அடி நீளம். அபார்ட்மென்டின் கார் ஷெட்டில் நிறுத்தினால் மூக்கு உள்ளேயும் வால் வெயிலிலும் இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் சின்ன ஜப்பான் கார்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது, கார்லண்டில் ஒரு வயசாளி விற்ற இந்தக் கப்பலை நஞ்சுண்டன் ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்தான். யானையைக் கட்டித் தீனி போடுகிறான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. டெலிகாம் கம்பெனியில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டோடு மல்லுக்கு நிற்கிறவனுக்குக் கையால் தொட்டு, காதால் கேட்டு ஓட்டுகிற வண்டி ஒன்று வேண்டியிருந்தது.

வேலைக்குக் கம்பெனி வேனில் போய்விடுவான். அதனால் ப்யூக்குக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஓய்வு, சனிக்கிழமை தரிசனம். தரிசனத்துக்கு எதிர் பிளாக் சுப்பையன் காபி டம்ளரோடு வந்துவிடுவார்.

"இதுக்குக் கைப்பக்குவம் வேணும் சுப்பையா. computer இல்ல, injector இல்ல, வெறும் carburetor. accelerator pedal-ஐ ஒருக்கா தரையோட அமுக்கி விடணும். அப்புறம் ரெண்டே pump. இப்பப் பாரு."

சாவியைத் தொட்டதும் எட்டு சிலிண்டரும் ஒன்றாக உறுமும். ஷெட்டின் தகரம் அதிரும். "எங்கிட்ட மட்டுந்தான் இப்படி எடுக்கும்" என்று நஞ்சுண்டன் சிரிப்பான். சுப்பையன் தலையை ஆட்டுவார். வள்ளியும் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிப்புக்குக் காரணம் வேறு.

கார்புரேட்டர்தான் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் கிண்ணம்; ஐந்து நாள் சும்மா நின்றால் அதில் பெட்ரோல் காய்ந்துவிடும். ஆறாம் நாள் தொட்டதும் எடுக்காது, அரை மணி நேரம் அழ வைக்கும். அந்தக் கார் மார்ச் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் தொட்டதும் எடுத்ததென்றால், தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அதை யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ வள்ளிதான்.

கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். கல்யாணமாகி வந்து நான்கு வருஷம். சார்ந்து வந்தவர்களுக்கான விசாவில் வேலை பார்க்கக் கூடாது. டிரைவிங் ஸ்கூலின் குட்டிக் காரில் பழகி லைசென்ஸ் வாங்கி வந்த அன்று, "ID card-க்கு ஆச்சு. ஆனா இந்த வண்டி உன் கைக்கு அடங்காது வள்ளி, தொட்டுறாத" என்று நஞ்சுண்டன் முடித்துவிட்டான். நல்ல மனுஷன்தான். அவள் கேட்டு எதையும் இல்லையென்று சொன்னதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரியாது.

மார்ச்சில் ஒரு மத்தியானம், துவைத்த துணியையும் மடித்து முடித்து, டி.வி.யையும் அணைத்த பிறகு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். டாஷ்போர்டுப் பெட்டியில் வண்டியோடு வந்த பழைய கையேட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. குளிர்ந்த இஞ்சினை எடுப்பது எப்படி, சூடான இஞ்சினை எடுப்பது எப்படி, பெட்ரோல் அதிகமாகிப் போனால் என்ன செய்வது என்று மூன்று தனித்தனிப் பாடம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் இரண்டு தடவை படித்தாள். முதல் நாள் ஷெட்டுக்குள்ளேயே எடுத்து அணைத்தாள். அடுத்த வாரம் அராபஹோ ரோடு வரை போய் வந்தாள். கட்டில் அகலத்துக்கு முன்னால் நீண்டு கிடக்கும் பானெட், ஒற்றை விரலுக்குத் திரும்பும் ஸ்டியரிங், சிக்னலில் நிற்கும்போது உள்ளங்கால் வழியாக ஏறும் அந்த மெல்லிய உறுமல். அந்த இருபது நிமிஷம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே மற்ற நேரத்தைப் பொறுத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்த்த நஞ்சுண்டன், "பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இவ்வளவும் இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய வினை ராகு காலத்தால் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். பத்தேகாலுக்கே கிளம்பிவிடலாமென்றால், கம்பெனி வேலைக் கடிதத்தைக் கூரியரில் அனுப்பியிருந்தது. பத்தரைக்கு மேல்தான் வரும் என்றார்கள். வள்ளி வாயெடுக்கும் முன்பே நஞ்சுண்டன் சீறினான்.

"இன்னிக்கு ராகு காலம் கீகு காலம்னு ஒரு பேச்சு வரக்கூடாது. இங்க daylight saving-னு கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருக்காங்க வேற. உன் ராகு எந்த கடிகாரத்தப் பாத்து வருவான்னு அவனுக்கே தெரியாது!"

"இல்லீங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் வள்ளி.

சொல்லவில்லைதான். செய்தாள். அவள் அம்மா வீட்டில் கெட்ட நேரத்தில் புறப்பட வேண்டி வந்தால் நல்ல நேரத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நஞ்சுண்டன் குளிக்கப் போனதும் குப்பைப் பையோடு இறங்கிய வள்ளி, பத்து இருபதுக்குக் காரை எடுத்து, கேட்டைத் தாண்டித் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிள்ளையாரே, புறப்பட்டாச்சு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்தே முக்காலுக்குக் கூரியர்காரன் வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஓடி நின்ற இஞ்சினின் சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, ஏற்கனவே கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஒரு வாரமாகத் தூங்கிய வண்டி என்று நினைத்து நஞ்சுண்டன் தன் கைப்பக்குவத்தைக் காட்டினான். தரையோடு ஒரு மிதி, இரண்டு பம்ப். மூச்சுத் திணறுகிறவன் வாயில் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி ஆயிற்று.

நான்காவது தடவையும் எடுக்கவில்லை. பெட்ரோல் நெடி ஏசி துவாரம் வழியாக உள்ளே வந்தது. மணி பத்து ஐம்பத்தைந்து.

"என்ன ஆச்சு இதுக்கு?" நஞ்சுண்டன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். அனல் முகத்தில் அடித்தது. அவனுக்குப் புரிந்துவிடும் என்று வள்ளி நினைத்தாள். புரியட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள், தானாகச் சொல்லவேண்டிய பாடு மிச்சமாகுமே. அவன் திரும்பி வந்து உட்கார்ந்து, "இந்த வெயில்ல தகர shed அடுப்பாத்தான் கொதிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பம்ப் செய்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

இஞ்சின் இப்போது மெதுவாகச் சுற்றியது. பேட்டரி இறங்குகிறது.

"cab கூப்பிடலாமுங்களா?"

"வர்றதுக்கே நாப்பது நிமிஷம் ஆகும். சுப்பையனும் office போயிட்டான்." அவன் டை முடிச்சைத் தளர்த்தினான். "ஆறு வருஷம் வள்ளி. ஆறு வருஷம்." மறுபடி சாவிக்குப் போனான்.

வள்ளி கணக்குப் போட்டாள். சொன்னால் ராகு காலப் பொய் வெளியே வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதப் பொய்யும் வரும். அந்த மத்தியானங்கள் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு தடவையில் பேட்டரி செத்துவிடும், எல்லாமே போய்விடும். அவனுடைய கை சாவியைத் திருப்புவதற்கு முன் அந்தக் கையைப் பிடித்தாள்.

"pump பண்ணாதீங்க. வண்டி சூடா இருக்குது. நான் பத்து இருவதுக்கு எடுத்து ஒரு round போய்ட்டு வந்தேன்."

நஞ்சுண்டன் அவளைப் பார்த்தான். "நீயா? இந்த வண்டியையா?"

"திட்டறத அப்பறம் திட்டுங்க. இப்ப எறங்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே அவன் இறங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். வள்ளி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி உட்கார்ந்தாள். செருப்பை உதறினாள். பெடலைத் தரையோடு அழுத்தி, காலை எடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டாள். பெட்ரோலை விடுவதற்கல்ல, காற்றை விடுவதற்கு. புத்தகத்தின் மூன்றாம் பாடம்.

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் முக்கி முக்கிச் சுற்றியது. நான்கு விநாடி. ஆறு. ஒன்றுமில்லை. அவள் கால் அசையவில்லை. பத்தாவது விநாடியில், பேட்டரி அடங்கப்போகிற நேரத்தில், ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. பின்னால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு கார் உறுமி எழுந்தது.

"நகரு, நான் ஓட்டறேன்" என்றான் நஞ்சுண்டன்.

"கால எடுத்தா நின்னு போயிரும். அந்தப் பக்கம் ஏறுங்க."

அவள் ஃப்ரீவேயில் ஏறியதே கிடையாது. சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயை அந்த வருஷம் வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் ஒடுங்கிய பாதை, பின்னால் மணல் லாரி. பத்தொன்பது அடி வண்டியை அதற்குள் நுழைத்தபோது வள்ளிக்கு உள்ளங்கை வழுக்கியது. டிராபிக் நிற்கும்போதெல்லாம் இடது காலால் பிரேக்கை மிதித்து, வலது காலால் இஞ்சினைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு இடத்தில் இஞ்சின் தடுமாறியது. நஞ்சுண்டன் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். அவள் விட்டுக் கொடுக்கவில்லை. வழி நெடுக அவன் பேசியது இரண்டே வார்த்தை: "right exit."

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உள்ளே போனார்கள். மூச்சு இரைக்க நாற்காலியில் உட்கார்ந்தவுடனே பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி கடிதத்தைப் பார்த்தாள், புகைப்படத்தைப் பார்த்தாள், பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டாள். இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தி, வாழ்த்துச் சொல்லி அனுப்பினாள்.

வெளியே பார்க்கிங்கில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. அரை மணி ஆறட்டும் என்று பக்கத்து மரத்தடியில் நின்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். இரண்டு பேருமே சந்தோஷப்படவில்லை.

"எத்தனை நாளா?"

"மார்ச்சிலிருந்துங்க. தினமும்."

நஞ்சுண்டன் மனசுக்குள் சனிக்கிழமைகளை ஓட்டிப் பார்ப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சுப்பையன், காபி, கைப்பக்குவம். காதுவரை சிவந்துவிட்டான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே வள்ளி. நான் என்ன மிருகமா?"

"சொல்லியிருந்தா மறுநாளே சாவிய office-க்குக் கொண்டு போயிருப்பீங்க."

அவன் மரத்தடியில் கொஞ்ச தூரம் நடந்தான், திரும்பி வந்தான். பொய் சொல்ல அவனுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அவளும் நம்புகிற மாதிரி இருந்திருப்பாள்.

"ஆமா" என்றான். "கொண்டுதான் போயிருப்பேன்."

இன்டர்வியூவிலும் வராத அழுகை வள்ளிக்கு அப்போது வந்தது. கோபமா, நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுடைய நான்கு வருஷம் எப்படிக் கழிந்தது, அதில் தன் கை எவ்வளவு என்பதை அவன் முதல் தடவையாக ஒப்புக்கொண்டிருந்தான்.