வேலிக்கு வெளியே காய்த்த பூசணி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தில், காட்டோரம் இருந்த எங்கள் லயத்து வீட்டு வரிசையைக் காலி செய்து, எல்லோரையும் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பழைய வீட்டில் விட்டுவந்த செடிகளின் நினைப்பிலேயே புது வீட்டுப் பின்புறத்தைக் கொத்தினேன். வெறும் செம்மண்ணும் கல்லும். கத்தரி வாடிச் செத்தது. மரவள்ளிக் குச்சிகள் துளிர்விட்டன. காவலுக்கிருந்த மலாய்க்கார கான்ஸ்டபிள் பிடுங்கச் சொல்லிவிட்டார். கிழங்கு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அப்படியானால் கீரை போடலாமா என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

பூசணி மட்டும் பிடித்துக்கொண்டது. அதன் கொடி வேலிக்கடியில் நுழைந்து வெளியே போய்க் காய்த்தது. நான் கவனித்தபோது காய் சிறு குடமளவு இருந்தது. கம்பி இடைவெளியில் இழுத்தேன், வரவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் காலையில், சோறு கொண்டுபோகிறோமா என்று வேலி வாசலில் மடியைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். இதை எப்படிச் சுற்றிப்போய் எடுத்து வருவது?

கான்ஸ்டபிளிடமே கேட்டேன்.

"சாப்பாட்டு சாமான் வெளிய போறது தா போலே. கூடாது" என்றார்.

"இது தானா போயிருச்சு. உள்ள கொண்டு வரலாமா?"

அவர் காயையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். "சார்ஜன்ட்கிட்ட கேக்கணும்லா."

மூன்றாம் நாள் காயைக் காணவில்லை. காம்பு சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். யாருக்குக் கொடுத்தாய் என்று சார்ஜன்ட் கேட்டதை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். "தெரியாதுங்க" என்றேன். சொன்ன பிறகு, கொடுத்தேன் ஆனால் யாருக்கென்று தெரியாது என்பதுபோல் எனக்கே கேட்டது. விசாரிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. நீதான் குடுத்தியா?"

அதையே அவரிடம் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். அந்தச் சாய்வு வெட்டு, பால்மரப் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பழகிய கை வெட்டியதுபோல் இருந்தது.

"நீங்க வெட்டலயா?"

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டோம். அவர் பொய் சொல்கிறாரா, நான் பொய் சொல்வதாக நினைக்கிறாரா, எனக்குப் பிடிபடவில்லை.

செய்தி கேட்டு, வேலிக்கு வெளியே வண்டி ஓட்டிப்போகும் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர் தானாகவே ஆபீசுக்குப் போனார். "வழியில காய்ச்சிக் கெடந்துச்சு. அறுத்து மாட்டுக்குப் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரைத் திட்டி அனுப்பினார்கள். கிராணி என்னிடம், "போம்மா, முடிஞ்சிருச்சு" என்றார். சிரிக்க வேண்டும்போல் இருந்தது; கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப்பட்டது வலித்ததா, நான் அவரைச் சந்தேகப்பட்டதா?

வேலியோரம் எந்தச் செடியும் நடக்கூடாது என்று மறுநாள் உத்தரவு வந்தது. கொடியைப் பிடுங்கினேன். வேலிக்கு உள்பக்கம் இலைக்கடியில் இரண்டு பிஞ்சுகள் இருந்தன. கருவாடு போட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி கேட்டார். ஊற்றினேன். சமாதானமாகிவிட்டோமா என்று அப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.