புளி போட்டுத் தேய்த்த செப்புக்காசு

அப்பா கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியெடுத்த நான்கு செப்புக்காசுகளில் ஒன்றை இன்று ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நாணயக் கடைக்கு விலை கேட்கக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு வேலை, அதனால் பேசவே கூச்சப்படும் என்னை அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். "ராணி தலை போட்ட ஒரு சென்ட். ரொம்பப் பழசும்மா. ஆனா ஏன் இப்படி மின்னுது?"

"நாலு காசுல இத மட்டும் போன வாரம் அம்மா பூஜைச் சாமானோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சாங்க" என்றேன். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"ஐயோ! பழங்காசுல படிஞ்ச அந்தக் கறுப்பு போயிட்டா காசு சேர்க்கிறவங்க யாரும் தொட மாட்டாங்க லா. மத்ததையாச்சும் காப்பாத்துங்க."

இன்று வியாழக்கிழமை. வீட்டில் விளக்குத் தேய்க்கும் நாள். கடை வாசலிலிருந்தே அழைத்தேன்.

"அம்மா, அந்தக் காசையெல்லாம் தொடாதம்மா!"

"ஏண்டி கத்துற? ரெண்டு பளிச்சுன்னு ஆயிடுச்சு. இன்னொண்ணுதான் என்ன தேய்ச்சாலும் வெளுக்க மாட்டேங்குது. வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா."

வாங்காமலேயே ரயில் ஏறிவிட்டேன். அப்பா ஆசையாக "என்ன விலை சொன்னாங்க?" என்று இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டார். அப்பாவிடம் பொய் சொல்லாமல், அம்மாவையும் காட்டிக்கொடுக்காமல் என்ன பதில் போடலாம், சொல்லுங்களேன்.